முன்னால் ஸ்பிரிங் இருக்கிறது, பின்னாலும் வேண்டுமா?

சென்ற தீபாவளியிலிருந்து இன்றுவரை நம் சங்கத்து அன்பர்கள் ஐந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பொங்கல் விழாவில் பந்திக்கு நிற்கும்போது ஒருவர் கேட்டார். இன்னொருவர் இரவு பத்தரை மணிக்குப் போன் செய்து கேட்டார். பிள்ளை மலைச் சைக்கிள் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், முன்னால் மட்டும் ஸ்பிரிங் வைத்ததை வாங்குவதா, முன்னும் பின்னும் வைத்ததை வாங்குவதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி வாய் வலித்துவிட்டபடியால், ஆசிரியரிடம் இரண்டு மூன்று பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கேள்வி என்னிடம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். 2019-ல் ஓய்வு பெறும்வரை கேரேஜ் அண்ட் வேகன் பிரிவிலேயே காலம் ஓடிவிட்டது. ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் முப்பத்தெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டன. ஓய்வுக்குப் பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எனக்கு நடையில் ருசி இல்லை, சைக்கிளில் ஏறிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் வேதாள் டேக்டி. என்னுடையது முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ள ஹார்ட்டெயில். என் மகன் வைத்திருப்பது இரண்டு பக்கமும் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன். அவனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அதையும் நிறைய ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டைப் பற்றியும் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனேயைச் சுற்றியுள்ள டேக்டிகளில் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, உங்கள் கையில் இருக்கும் பணத்துக்குள் கிடைக்கும் மிக நல்ல ஹார்ட்டெயிலை வாங்கிக் கொடுங்கள். ஃபுல் சஸ்பென்ஷன் உயர்ந்த சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் அது அசலாக இருக்க வேண்டும். அசலுக்குப் பணம் இல்லாதபோது அதன் போலியை வாங்குவதுதான் ஆபத்து.

ஏன் என்பதற்கு ரயில் பெட்டிக்கு வருகிறேன். ஸ்பிரிங் என்பது அதிர்ச்சியைத் தின்றுவிடுவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கியதைக் கரைத்து விடுவதற்கு வேறொரு சாமான் வேண்டும். பேங்குக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கதவு படாரென்று அறையும். மேலே எண்ணெய் அடைத்த குழாய் ஒன்று இருப்பதால்தான் மெதுவாகச் சாத்துகிறது. அந்தக் குழாயின் வேலையைச் செய்வதற்குத்தான் டாம்பர் என்று பெயர். பெரம்பூர் ஐ.சி.எஃப். டிசைன் பெட்டியில் ஆக்சில் பாக்ஸ் பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதற்குள்ளேயே எண்ணெய் நிரப்பிய டாஷ்பாட் இருக்கும். எண்ணெய் கசிந்து போய்விட்டால் ஸ்பிரிங் என்னவோ முழுசாகத்தான் இருக்கும், பெட்டி மட்டும் குதித்துக்கொண்டே போகும். எத்தனை டாஷ்பாட்டில் எண்ணெய் ஊற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதற்கு முந்திய காலத்துச் சாமான் வண்டிகளில் பட்டைப் பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே அங்கே டாம்பர். சுருள் ஸ்பிரிங்கில் அந்த உரசல் கிடையாது. அதனால் டாம்பரைத் தனியாக வைத்தே ஆகவேண்டும். ஊருக்குப் போகும்போது பழைய நீலப் பெட்டியிலும் புதிய சிவப்பு எல்.எச்.பி. பெட்டியிலும் பயணம் செய்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். ஜெர்மனியிலிருந்து 2000-ல் வந்து இறங்கிய அந்த டிசைனில் மேல்கீழ் ஆட்டத்துக்கு, பக்க ஆட்டத்துக்கு, போகி நெளிவதற்கு என்று தனித்தனி டாம்பர்கள் உண்டு.

நிற்க. பெருங்கடைகளிலும் போனிலும் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் 'டபுள் ஷாக்கர்' என்று விற்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வைக்கு மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கிறது. நடுவில் சிவப்பு வண்ணத்தில் தடியாக ஒரு ஸ்பிரிங். பிள்ளைகளுக்குக் கண் அதில்தான் போகும். எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனின் பிறந்தநாளுக்கு அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தது. மூன்றாம் மாதம் டேக்டி இறக்கத்தில் பின்பக்கம் இரண்டு தடவை தூக்கிப் போட்டு, மூன்றாம் தடவை பையனையே தூக்கிப் போட்டுவிட்டது. காறை எலும்பு முறிவு. சைக்கிளை நான் மாடிப்படிக்கு அடியில் குப்புறப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தடி ஸ்பிரிங்குக்குள் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, டாம்பரே கிடையாது. பின் சக்கரத்தைத் தாங்கும் கை அசையும் இடத்தில் பேரிங் இருக்க வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் ஒரு போல்ட்டும் இருந்தன. புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இடத்து வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல். இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தால் அது விட்டுப்போயிருக்கும்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் பையனின் அம்மா, "இனி டேக்டி பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் எனக்குக் குறை இல்லை, பெற்ற வயிறு. என் வருத்தம் வேறு. காலை ஐந்தரைக்கு எழுந்து மலைக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது ஏழரைவரை தூங்குகிறான், எழுந்ததும் போனை எடுக்கிறான். ஊரில் இருந்திருந்தால் ஆறு, குளம், தோப்பு என்று அவன் பாட்டுக்கு வெயிலில் திரிந்திருப்பான். இங்கே நாலாவது மாடியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு டேக்டியை விட்டால் என்ன இருக்கிறது? குற்றவாளி மலை என்று அவர் நினைக்கிறார். நான் பார்த்தவரையில் குற்றவாளி மாடிப்படிக்கு அடியில் படுத்திருக்கிறது. இந்தக் கட்டுரையை அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம், டிப்ளமா தேவையில்லை. சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து உடம்பு பாரத்தைப் போட்டு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். பந்து மாதிரி துள்ளி எழுந்து இன்னும் ஒரு முறை ஆடினால் உள்ளே டாம்பர் இல்லை, அல்லது இருந்தும் பிரயோசனம் இல்லை. மெதுவாக எழுந்து அப்படியே நின்றால் இருக்கிறது. பிறகு ஃப்ரேமை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதுச் சைக்கிளிலேயே அந்த மூட்டில் ஆட்டம் தெரிந்தால், விற்பவர் சொல்லும் தள்ளுபடியைக் காதில் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, அசல் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு வருவோம். அதை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. இந்த விளையாட்டு 1970களில் கலிபோர்னியாவில் மாரின் கவுண்டி மலைகளில் தொடங்கியபோது எந்தப் பக்கமும் ஸ்பிரிங் கிடையாது. பழைய தடி டயர் சைக்கிளில் மலையிலிருந்து உருண்டு வந்தார்கள். பிரேக் ஹப்பில் கிரீஸ் காய்ந்து புகைந்து, ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் ஒரு பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. எண்ணெயும் காற்றும் சேர்ந்த முன் ஃபோர்க்கை ராக்‌ஷாக்ஸ் கம்பெனி கொண்டுவந்தது 1989-ஐ ஒட்டித்தான். பின்பக்கத்து ஸ்பிரிங்கைப் பந்தயக்காரர்கள் வெகுகாலம் நம்பவில்லை. மிதிக்கிற மிதியெல்லாம் ஸ்பிரிங்குக்கே போய்விடுகிறது என்றார்கள், அப்போது அது வாஸ்தவமும்கூட. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹவி ஃபுல் சஸ்பென்ஷனில் வந்து, ஹார்ட்டெயிலில் வந்த ஸ்விஸ் வீரர் நீனோ ஷூர்ட்டரை ஒரே ஒரு நொடியில் முந்தித் தங்கம் வாங்கினார். நாலு வருஷம் கழித்து ரியோவில் அதே ஷூர்ட்டர் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறித் தங்கம் வாங்கினார். இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

என் மகன் இந்தக் கட்சி. அவன் சொல்வதில் மூன்று விஷயங்களை நான் ஒப்புக்கொள்கிறேன். கல் வரும்போது ஹார்ட்டெயிலில் ஃப்ரேமும் ஆளும் சேர்ந்து மேலே ஏறி இறங்க வேண்டும். ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் ஏறி இறங்கும். ரயிலில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாரத்தைக் குறைக்க டிசைன்காரர்கள் தலையை உடைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். ஒவ்வொரு கல்லிலும் வண்டி மேலே தூக்கப்படும்போது முன்னால் போகும் வேகம் கொஞ்சம் செத்துப்போகிறது. அது இதில் மிச்சம். இரண்டாவது, சரளைக் கல் ஏற்றத்தில் ஹார்ட்டெயிலின் பின் சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடி விட்டுவிடும். ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரம் தரையை விடாது. ஏற்றத்துக்கு ஹார்ட்டெயில்தான் என்று கடையில் சொல்வது தார் ரோட்டுக்கும் வழவழப்பான மண் பாதைக்கும் சரி. நம் டேக்டிகள் கறுப்புப் பாறை உடைந்து சிதறிய மலைகள். இங்கே அந்த விதி பாதிதான் பலிக்கும். மூன்றாவது, இறக்கத்தில் ஹார்ட்டெயிலின் முன்பக்கம் மட்டும் அமுங்குவதால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், ஹாண்டில்பார் படபடக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கினால் வண்டியின் நிலை மாறுவதில்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் பிள்ளைகளுக்கு ஹார்ட்டெயில் என்கிறேன் என்றால் முதல் காரணம் பணம். நான் கடைகளில் விசாரித்தவரையில் டாம்பரும் பேரிங்கும் ஒழுங்காக உள்ள அசல் ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்றரை லட்சத்துக்கு மேலேதான் தொடங்குகிறது. இரண்டைத் தாண்டுவதுதான் வழக்கம். அதில் பாதிப் பணத்துக்கு நல்ல ஹார்ட்டெயில் வரும். காற்றில் வேலை செய்யும் முன் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இரண்டும் கிடைக்கும். மீதியில் நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் முழங்கால் கவசமும் வாங்கலாம். ஒரே விலையில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்குக்கும் மூட்டுகளுக்கும் போன பணத்தை எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆகவேண்டும். பிரேக்கில் எடுத்திருப்பான், சக்கரத்தில் எடுத்திருப்பான், முன் ஃபோர்க்கில் எடுத்திருப்பான். எடையும் இரண்டு கிலோவரை கூடிவிடும். பதினான்கு வயதுப் பிள்ளை அடுத்த வருஷம் அரையடி வளர்ந்து நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சின்னதாகிப் போன சைக்கிள் தம்பிக்கோ தங்கைக்கோ இறங்க வேண்டும் என்றால், இறங்கும்போது அது ஓடும் நிலையில் இருக்க வேண்டும்.

அதுதான் இரண்டாவது காரணம், பராமரிப்பு. ஹார்ட்டெயிலின் பின்பாதியில் கெட்டுப்போக ஹப்பையும் பற்சக்கரத்தையும் செயினையும் தவிர ஒன்றுமில்லை. ஃபுல் சஸ்பென்ஷனில் நாலைந்து மூட்டுகள், ஒவ்வொன்றிலும் பேரிங்குகள், அதற்கு மேல் ஒரு ஷாக். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெயும் தூசி சீலும் பார்ப்பது 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்று கம்பெனிக்காரர்கள் எழுதியே வைக்கிறார்கள். பின் ஷாக்குக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. நம் ஊரிலோ ஜூனில் தொடங்கி செப்டம்பர்வரை சேறு. மலைமேல் முரம் மண் தண்ணீரை விட்டுவிடும், பரவாயில்லை. அடிவாரத்துக் கரிசல் மண் இருக்கிறதே, அது இட்லி மாவு மாதிரி டயரில் ஏறி, சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். அதைப் பிரஷர் பம்பு வைத்துப் பீய்ச்சியடித்துக் கழுவுவார்கள் நம் பிள்ளைகள். தண்ணீர் நேரே பேரிங்குக்குள் போகும். ஒரு மழைக்காலத்தில் என் மகன் பேரிங் மாற்றக் கொடுத்த பணத்தில் நான் இரண்டு டயர் வாங்கினேன். பிட் லைனில் வேலை பார்த்தவனுக்கு எப்போதும் ஒரு கோணல் புத்தி உண்டு: எந்தச் சாமானைப் பார்த்தாலும் இதை யார் கழற்றிப் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்றுதான் தோன்றும். பள்ளிக்கூடம், டியூஷன், ஹிந்தி, பாட்டு வகுப்பு எல்லாம் போக உங்கள் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. மனிதனுக்கு முழங்கால், முழங்கை, இடுப்பு என்று ஆண்டவன் கொடுத்த சஸ்பென்ஷன் ஒன்று இருக்கிறது. பெடல்கள் இரண்டையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலைத் தளர்த்தி நின்றால், கல்லில் ஏறும்போது பதின்மூன்று கிலோ சைக்கிள் மட்டும்தான் மேலே வரும், ஐம்பது கிலோ ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். உட்கார்ந்தபடியே போனால் அறுபத்து மூன்று கிலோவும் சேர்ந்து குதிக்கும். ஹார்ட்டெயில் இதை முதல் வாரமே முதுகில் தட்டிச் சொல்லிக்கொடுத்துவிடும். எந்தக் கல்லைச் சுற்றிப் போவது, எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே முன் பிரேக்கை விடுவது என்பதும் அப்படியே. ஃபுல் சஸ்பென்ஷனில் தொடங்கியவர்கள் எல்லாம் கற்பதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு செய்தால் உடனே தெரிவதில்லை, வேகம் கூடிய பிறகுதான் தெரிகிறது. அந்த வேகத்தில் தெரிவது நல்லதல்ல.

ஹார்ட்டெயில் என்று முடிவு செய்தாலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நிறையப் பேர் பார்க்கத் தவறும் இடம் இது. மலிவான ஃபோர்க்கில் இருக்கும் இரும்புச் சுருள் ஸ்பிரிங் பெரும்பாலும் எழுபது, எண்பது கிலோ ஆளை மனத்தில் வைத்துச் செய்தது. நாற்பத்தைந்து கிலோ பிள்ளை ஏறினால் அது அசையவே அசையாது. காலிச் சாமான் வண்டி தடதடவென்று குதித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பாரத்துக்காகப் போட்ட ஸ்பிரிங் அது, பாரம் இல்லாவிட்டால் கட்டைதான். காற்று ஃபோர்க் என்றால் ஆளின் எடைக்குத் தக்கபடி காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். பிள்ளையைச் சைக்கிளில் நிற்கவைத்தால் ஃபோர்க் தன் ஓட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தானாக அமுங்க வேண்டும். பின் ஷாக் உள்ளவர்கள் அங்கே கால் பங்கிலிருந்து 30 சதவீதம்வரை வைக்கலாம். ஓட்டம் நூறு, நூற்றிருபது மில்லிமீட்டர் இருந்தால் நம் டேக்டிகளுக்குத் தாராளம். நூற்றைம்பது, நூற்றறுபது என்று கேட்டு வாங்குவது பால்கனியில் நிறுத்திப் படம் எடுப்பதற்குத்தான்.

டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் இனாமாக வந்தது. ரோட்டுச் சைக்கிளுக்கு அடிப்பது போல் கல்லாக அடித்துக்கொண்டு வந்து, உலுக்குகிறது என்று குறை சொல்கிறார்கள். இரண்டே கால் அங்குல அகல டயரில் டியூப் இருந்தால் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும் அளவு போதும். ரொம்பவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கடிபட்டுப் பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப் இல்லாத வகையில் இன்னும் குறைக்கலாம், லேசான ஆளுக்கு இருபது, இருபத்திரண்டு பி.எஸ்.ஐ.வரைகூட. என் ஹார்ட்டெயிலை டியூப்லெஸ் ஆக்கிய அன்றைக்கு மகனுடைய சைக்கிளின் மேல் எனக்கிருந்த பொறாமையில் பாதி போய்விட்டது.

யார்தான் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்க வேண்டும் என்கிறீர்களா? ஹார்ட்டெயிலில் இரண்டு வருஷம் ஓட்டி, அதன் எல்லையைத் தொட்டுவிட்டு, பந்தயத்துக்குப் போகும் பிள்ளை வாங்கலாம். அப்போது அது செல்லம் கொடுப்பது ஆகாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கல் பாதையில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள் வாங்கலாம். எங்களைப் போன்ற முதுகுவலிக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். வேடிக்கை என்னவென்றால், கடையில் அந்தச் சைக்கிளை ஆசையோடு தடவிப் பார்க்கிறவர்கள் பதினாறு வயதுப் பையன்கள், அதற்கு உண்மையான தேவை உள்ளவர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்கள். அப்பா ஒன்று வாங்கிப் பையனுக்கு வாரம் ஒருமுறை இரவல் கொடுப்பது நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது.

பெண் குழந்தைகளுக்கு "லேடீஸ் மாடல்தான் சரி" என்று கடைக்காரர் கூடையும் மட்கார்டும் வைத்ததைத் தள்ளிவிடப் பார்ப்பார். கேட்காதீர்கள். உயரத்துக்கு ஏற்ற ஃப்ரேம் அளவுதான் முக்கியம். இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் மேல் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல்கடை இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலை ஏழு மணிக்கு மேல் டேக்டியில் வயதானவர்கள் நடக்க வந்துவிடுவார்கள். அவர்களைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும், மணி அடித்து விரட்டக் கூடாது என்பதைச் சைக்கிளோடு சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. காற்று ஃபோர்க்குக்கு சாதாரண பம்பு உதவாது. ஷாக் பம்பு என்று சின்னதாக, அழுத்தமானி வைத்து, தனியாக வருகிறது. கடைக்காரர்கள் அதைச் சைக்கிளோடு கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. பிறகு கடையில் அடைத்த காற்றிலேயே வருஷம் முழுவதும் ஓட்டிவிட்டு ஃபோர்க் சரியில்லை என்கிறோம். என்னிடம் ஒன்று இருக்கிறது. மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வருகிறேன். பிள்ளையையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடைக்குத் தகுந்தபடி வைத்துத் தருகிறேன். பம்பை வீட்டுக்கு மட்டும் கேட்காதீர்கள்; சென்ற முறை வாங்கிப் போனவர் திருப்பித் தர நான்கு மாதம் ஆயிற்று.